டிஸ்க்கைப் பிடுங்கிப் பார்த்தேன்

திருப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடியும் பேப்பர் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஹாஸ்டலுக்கு அவர்கள் எள்ளுருண்டை கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பா இன்னும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது என்று சொல். இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பன்னிரண்டாவது; வீட்டில் டிவியை அணைத்து வைத்து இரண்டு மாதமாகிறது.

சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுகிற ரெய்டுக்கு, அச்சகத்தில் தனியாக ஒரு ரெய்டு கார்டு வாங்குவதா, லினக்ஸே செய்துகொள்ளும் சாஃப்ட்வேர் ரெய்டே போதுமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அந்தக் கார்டுகளின் மேல் மனசு விட்டுப்போய் இரண்டு வருஷமாகிறது. எங்கள் பனியன் கம்பெனியின் பழைய சர்வரில் நான்கு டிஸ்க்கும் நன்றாக இருந்தன, கார்டு போய்விட்டது. எந்த டிஸ்க்கில் எதை எப்படிப் பிரித்து எழுதியது என்பது அந்தக் கார்டுக்குத்தான் தெரியும். அந்த மாடல் விற்பனையிலேயே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, நான்காம் நாள் ஒரு பழைய கார்டு கிடைத்தது. அந்த நான்கு நாளும் பில் போட முடியாமல் சரக்கு குடோனிலேயே நின்றது. சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் பெட்டியில் மாட்டினால் போதும், அவற்றின் அமைப்பு அவற்றிலேயே எழுதியிருக்கும்.

புதுப் பெட்டியில், ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டேன். இரண்டு சின்ன எஸ்எஸ்டியில் சிஸ்டம், நான்கு 4 டிபி டிஸ்க்கில் விஎம்கள், எல்லாம் இசட்எஃப்எஸ், ரெய்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் ஃபைல் சிஸ்டம். நான்கு டிஸ்க்கையும் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து மிரர், ஒன்றில் எழுதுவது அப்படியே அதன் ஜோடியிலும் இருக்கும். கையில் நிற்பது 8 டிபிதான். ஒரு டிஸ்க் அளவு இடத்தை மட்டும் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்ளும் ரெய்டு-இசட் போட்டிருந்தால் 12-ஐ ஒட்டிக் கிடைக்குமே என்று முதலாளியின் மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் டிஸ்க்கில் அங்கங்கே சிதறலாகச் சின்னச் சின்னதாக எழுதும்போது, நான்கு டிஸ்க் சேர்ந்தாலும் ரெய்டு-இசட் ஏறக்குறைய ஒரு டிஸ்க்கின் வேகம்தான் தரும். இரண்டு ஜோடி மிரர் என்றால் இரண்டு டிஸ்க்கின் வேகம். டேலி, பில்லிங், வருகைப் பதிவு என்று ஆறு விஎம் ஆளுக்கொரு மூலையில் எழுதுகிற இடத்தில், காலை பத்து மணிக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். மெமரிக்கு மட்டும் ஒரு வரம்பு கட்டினேன். படித்ததையெல்லாம் மெமரியில் சேர்த்து வைத்துக்கொள்வது இசட்எஃப்எஸ்ஸின் சுபாவம். 2 ஜிபியோடு டிபிக்கு 1 ஜிபி என்பது ப்ராக்ஸ்மாக்ஸ்காரர்கள் சொல்லும் கணக்கு, அதனால் 10 ஜிபி.

முக்கியமாக உனக்கு எழுத நினைத்தது இதற்கப்புறம் நடந்ததை. கம்பெனி விஎம் எதையும் ஏற்றுவதற்கு முன்னால், சோதனைக்கு ஒன்றை ஓடவிட்டு, ஒரு டிஸ்க்கை அப்படியே வெளியே இழுத்தேன். விஎம் நிற்கவில்லை. டிஸ்க்குகளின் நிலையைக் காட்டும் இசட்பூல் ஸ்டேட்டஸ் கட்டளை 'டிகிரேடட்' (பழுதோடு ஓடுகிறது) என்றது. நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்து, டிஸ்க் போனதாகச் சர்வர் அனுப்ப வேண்டிய எச்சரிக்கையைப் பார்க்க மெயிலைத் திறந்தால் ஒன்றுமில்லை. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, வரவேயில்லை. சர்வர் என்னவோ அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டை நெட் கொடுப்பவர்கள் அடைத்து வைத்திருந்ததால் எல்லாம் க்யூவிலேயே தேங்கிக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிடுங்கிப் பார்க்காமல் விட்டிருந்தால் என்றைக்காவது ஒரு டிஸ்க் சத்தமில்லாமல் செத்திருக்கும், வேலையெல்லாம் வழக்கம்போல நடந்திருக்கும், அதன் ஜோடியும் போகிற அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்திருக்கும். மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்பை மாற்றிக் கம்பெனி மெயில் கணக்கு வழியாக 587-ஆம் போர்ட்டில் அனுப்ப வைத்து, டிஸ்க்கை மாட்டி, மறுபடி பிடுங்கி, போனில் மெயில் வந்து விழுந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

சிஸ்டம் எஸ்எஸ்டியிலும் முதலாவதைக் கழற்றி ரீபூட் செய்தேன், எழுந்துவிட்டது. அதன் இடத்தில் வேறொன்றை வைக்கும்போது கவனம் வேண்டும். புது டிஸ்க்கை மிரரில் சேர்க்கும் இசட்பூல் ரீப்ளேஸ் கட்டளை மட்டும் போதாது. பூட் ஆகிற சின்னப் பார்ட்டிஷன், இசட்எஃப்எஸ் பார்த்துக்கொள்ளும் தொகுப்புக்கு (பூல்) வெளியே இருக்கிறது. பார்ட்டிஷன் அமைப்பை முதலில் நகலெடுத்து, ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூலை வைத்து அதைத் தனியாகத் தயார் செய்ய வேண்டும். இதை விட்டால் தரவு இரண்டிலும் இருக்கும், பூட் ஒன்றில்தான் இருக்கும்.

ஒவ்வொரு டிஸ்க் ட்ரேயிலும் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டிவிடு. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைப்பதெல்லாம் ரீபூட்டில் மாறக்கூடிய பெயர்கள். அவசரத்தில் அதை நம்பி நல்ல டிஸ்க்கைப் பிடுங்கினால் போச்சு.

உன் பெட்டியில் 8 ஜிபி மெமரி, இரண்டு டிஸ்க் என்று எழுதியிருக்கிறாய். முடிந்தால் மெமரியைக் கூட்டிவிட்டு இசட்எஃப்எஸ் போடு. முடியாதென்றால் லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டான எம்டிஏடிஎம்மில் மிரர். ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலரில் அது வராது. டெபியன் லினக்ஸை மிரரில் நிறுவி, அதன்மேல் ப்ராக்ஸ்மாக்ஸை ஏற்ற வேண்டும். எம்டிஏடிஎம்மிலும் சோதனை மெயில் அனுப்பும் வசதி உண்டு, முதல் நாளே அனுப்பிப் பார். ஒரு குறை, இரண்டு பிரதியும் ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (சரிபார்க்கும் எண்) வைத்திருப்பதால் கெட்டதைக் கண்டுபிடித்து, நல்லதிலிருந்து திருத்திவிடும். எனக்கு அந்த ஒன்றுக்காகவே மெமரிக்குப் பணம் போடலாம் என்று தோன்றுகிறது.

பேக்கப்பை இதோடு குழப்பிக்கொள்ளாதே. போன மாதம் கணக்குப் பிரிவில் ஒரு ஃபோல்டர் தவறுதலாக அழிந்தது. மிரரின் இரண்டு பக்கமும் அதே நொடியில் அழிந்தது. முந்தின இரவு வேறு பெட்டிக்குப் போன பேக்கப்தான் திருப்பிக் கொடுத்தது.

டிஸ்க் வாங்கும்போது மாடல் நம்பரை எனக்கு அனுப்பு, எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எழுதும்) வகையா என்று பார்த்துச் சொல்கிறேன். அது இந்த வேலைக்கு ஆகாது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் பெட்டியை ஏற்றியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கலாம். டப்பாவையும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் ரூம்மேட்