கல்லில் எண்ணிக்கை, ஏட்டில் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய தமிழ்நாட்டு ஊர்களில் ஆங்கில அரசு பதித்துவிட்டுப் போன சலவைக்கல் பலகைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்’ என்பதுதான் பெரும்பாலும் அந்தக் கற்களின் வாசகம். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. அந்தப் பெயர்களை இனி மீட்க முடியாது என்று கட்டுரை முடிகிறது. அதை ஏற்பதற்கில்லை. திரும்பி வந்தவர்களைக் கண்டுபிடிப்பது கடினம்தான். ஆனால் இறந்தவர்களில் பலருடைய பெயரை ஒரு பள்ளிக்கூடமே தேடி எடுத்துவிட முடியும்.

பஞ்சாபில் நடந்தது ஒரு நல்ல முன்னுதாரணம். அங்கிருந்து படைக்குச் சென்றவர்களை ஊர்வாரியாக எழுதிய பதிவேடுகள் 1919 முதல் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 26,000 பக்கங்கள், 3,20,000 பேர். பிரிட்டனில் இயங்கும் ‘யுகே பஞ்சாப் ஹெரிடேஜ் அசோசியேஷன்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு, கிரீனிச் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. 2021 நவம்பரில் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்களின் ஏறக்குறைய 45,000 பதிவுகளை முதலில் வெளியிட்டது. இன்று ஒருவர் தன் ஊர்ப்பெயரைக் கொடுத்துக் கொள்ளுத்தாத்தாவைத் தேடலாம். சிலை திறப்போ அணிவகுப்போ இல்லாமல் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்த வேலை இது. இராணுவ மரபுக்கு உதவுகிறோம் என்று கிளம்பும் நம்மூர் அறக்கட்டளைகள் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சென்னை மாகாணத்துக்கு அப்படியொரு தொகுப்பு நம் கையில் இல்லை. இருப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளம். 1917இல் தொடங்கிய இந்த ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகளை வைத்திருக்கிறது. ஆறு நாடுகள் செலவைப் பகிர்கின்றன. இந்தியாவின் பங்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். கல்விப் பணிக்கென 2017இல் தனி அறக்கட்டளை ஒன்றையும் அமைத்தார்கள். இணையத்தில் தேடக் கட்டணம் கிடையாது.

தேடுவோர் வழுக்கி விழும் முதல் இடம் பெயர். முனுசாமி என்பவரை அன்றைய எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதால் எது முதற்பெயர் பெட்டியில், எது கடைசிப்பெயர் பெட்டியில் விழுந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே பெயரை விட்டுவிடுங்கள். முதல் உலகப் போர், இந்தியப் படை என்ற இரண்டையும் தேர்ந்துகொண்டு, ‘கூடுதல் விவரம்’ பகுதியில் அன்றைய மாவட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் இடுங்கள். ‘இன்னாருடைய மகன், ஊர், தாலுகா, மாவட்டம்’ என்ற அமைப்பில் அங்கே குறிப்பு இருக்கும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் அன்று வட ஆர்க்காடு. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி தென் ஆர்க்காடு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சேலத்துக்குள். நாமக்கல் தாலுகா அன்று திருச்சி மாவட்டத்தில். திருநெல்வேலி, மதுரை, திருச்சி போன்றவற்றை வெள்ளைக்காரர் எழுதிய எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். இன்றைய எழுத்தில் தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று எழுந்து போகிறவர்கள் அதிகம். முடிவுகளை அட்டவணையாகப் பதிவிறக்கித் தாலுகாவாரியாகப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி சரிபார்ப்பு. புதூர், பேட்டை, பாளையம் என்று ஒரே பெயரில் தாலுகாவுக்கு நாலு ஊர் இருக்கும். தாலுகாவும் தந்தை பெயரும் பொருந்தினால் மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள். படை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனக்கென வரிசை வைத்திருந்ததால் ஒரே எண் பலருக்கு இருக்கும். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 61ஆம் பயனியர்ஸ், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று படைப்பிரிவின் பெயரையும் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். சுமைதூக்கி, சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர் ஆகியோர் ‘ஃபாலோயர்’ என்ற வகையில் இருப்பார்கள். இவர்களில் பலருக்கு ஊர்ப்பெயரே இருக்காது. ‘உறுதியாகவில்லை’ என்றொரு பத்தி போட்டு அதில் வையுங்கள், ஊகித்து ஊருக்குள் சேர்க்காதீர்கள். ஆணையத்தின் கணக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. கல்லோ 1919உடன் நிறுத்திக்கொள்கிறது. அதனால் இரண்டு எண்ணிக்கையும் பொருந்தாமல் போனால் உங்கள் தேடல் தவறு என்று அர்த்தமில்லை.

பாஸ்ரா நினைவகம் என்று பதிவில் வந்தால் ஒன்றை மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்து கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டோருக்கான நினைவகம் அது. அதன் சுவரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர் மட்டுமே செதுக்கப்பட்டது, சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். 2021இல் ஆணையமே நியமித்த குழு இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர்கூடப் பதியப்படவில்லை என்றும் அதன் அறிக்கை சொல்கிறது. அந்த இரண்டாவது எண்ணிக்கையில் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். ஆக, ஊர்க்கல்லில் இருக்கும் அதே குறை பாஸ்ராவிலும் உண்டு. ஆணையத்துக்கு ஆதாரத்துடன் எழுதினால் பதிவில் விடுபட்டதைச் சேர்ப்பார்கள், திருத்துவார்கள்.

இனி கல்லைப் பற்றி. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் ஆசிட் ஊற்றித் தேய்ப்பது பல ஊர்களில் வழக்கம். சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் அழுக்கோடு எழுத்தையும் தின்றுவிடும். எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாமே அமிலம்தான். எனாமல் பெயிண்ட் அடித்தால் சுவரிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து மேற்பரப்பு பொரிந்து உதிரும். நல்ல தண்ணீரும் மெல்லிய நைலான் பிரஷும் போதும். சுண்ணாம்பு ஏறியிருந்தால் நனைத்து ஊறவிட்டு மரச் சீவலால் மெதுவாகச் சுரண்ட வேண்டும், இரும்பு கூடாது. எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸோ மஞ்சளோ பூச வேண்டாம். காலையில் அல்லது மாலையில் பக்கவாட்டு வெயில் விழும்போதோ, டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தோ படம் எடுத்தால் படிக்கலாம்.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலின் முதல் பாடமே முதல் உலகப் போரின் வெடிப்பும் அதன் பின்விளைவுகளும். அதோடு இந்தத் தேடலைச் சேர்த்தால் பாடத்திட்டத்துக்கு வெளியே எதையும் திணிக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்து, எந்தப் படை, எங்கே இறந்தார், இன்று அது எந்த நாடு என்று எழுதச் சொன்னால் போதும். விழா மேடையில் இவர்களைச் சுதந்திரப் போராட்ட வீரர் என்று அறிவித்துவிடும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். மாதம் 11 ரூபாய் சிப்பாய்ச் சம்பளத்துக்காகப் போனவர்களைத் தியாகி என்பதும் துரோகி என்பதும் வரலாறு ஆகாது. பட்டியலைப் பொதுவில் வைக்கும்போது சாதி விவரம் வேண்டாம். கேட்டு வருவார்கள், இருந்தாலும் வேண்டாம்.

பட்டியல் ஊருக்குத் தெரிந்ததும் வீடுகளிலிருந்து பதக்கங்கள் வெளியே வரும். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வெள்ளியானால் பெரும்பாலும் சிப்பாய், வெண்கலமானால் ஃபாலோயர் அல்லது தொழிலாளர் படை. சுமார் 12 செ.மீ. அகலமுள்ள வெண்கலத் தட்டு வந்தால் அது இறந்தவர் குடும்பத்துக்கு அனுப்பியது. அதில் பெயர் மட்டும்தான் இருக்கும், பதவி இருக்காது. இவற்றைப் பித்தளை விலைக்குப் போட்டவர்கள் உண்டு. பத்திரமாக வைத்திருப்பவர்களோ ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் துலக்கி விளிம்பு எழுத்தை மழுங்கடித்துவிடுகிறார்கள். துலக்காமல் அப்படியே தரச் சொல்லுங்கள். விளிம்பைச் சுற்றி நாலைந்து படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேலூர்