வீடியோ கேம் கட்டுரைகளுக்குச் சான்று எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த வீடியோ கேம்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கியிருப்பதைப் பாராட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஓய்வு நேரத்தில் அங்கே தொகுப்புப் பணி செய்துவருபவன் என்ற முறையில் எனக்கும் அதில் மகிழ்ச்சியே. எனினும், ஆடத் தெரிந்தவர் தமக்குத் தெரிந்ததை எழுதினாலே கட்டுரை சிறந்துவிடும் என்று அக்கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆடிப் பழகியவர் எழுதும்போது கட்டுரை பெரும்பாலும் ஆட்டக் கையேடாக மாறிவிடுகிறது. எந்த நிலையில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்த எதிரியை எப்படி வீழ்த்தலாம் என்பன பக்கம் பக்கமாக இருக்கும். அந்த ஆட்டத்தை யார், எப்போது, எந்தக் கணினியில் உருவாக்கினார்கள், அது விற்பனைக்கு வந்த காலத்தில் விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்பவற்றுக்கு ஒரு வரிகூட இராது. கலைக்களஞ்சியத்தைத் திறப்பவர் அந்த ஆட்டத்தை ஒருமுறையேனும் ஆடியிருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கு வேண்டியவை பின்னவைதாம். அவற்றுள் ஒன்றையும் எழுதுபவர் தம் நினைவிலிருந்து எழுதிவிட முடியாது.

மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கி, நிரம்பிய வரிசைகளை நீக்கிக்கொண்டே செல்லும், பலரும் அறிந்த டெட்ரிஸ் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அது எந்த ஆண்டில் பிறந்தது என்பதே சிக்கலான கேள்வி. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் அதை எலெக்ட்ரானிகா 60 என்ற கணினியில் எழுதினார் என்பதில் ஐயமில்லை. அந்தக் கணினியில் படம் வரையும் வசதி கிடையாது. ஆகவே, விழும் துண்டுகளை அவர் அடைப்புக்குறிகளைக் கொண்டே அமைத்தார். ஆட்டத்தின் உரிமையை இன்று நிர்வகிக்கும் நிறுவனம் 1984 ஜூன் 6ஆம் நாளைப் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. வேறு சில பதிவுகளோ 1985 என்கின்றன. இந்த இடத்தில் நல்ல தொகுப்பாளர் இரண்டில் ஒன்றைத் தாமே தேர்ந்து, கட்டுரையின் ஓரத்தில் சுருக்கத் தகவல் தரும் தகவற்பெட்டியில் இட்டுவிட்டு நகர்ந்துவிடமாட்டார். எந்த ஆண்டை யார் சொல்கிறார் என்று எழுதி, இரண்டுக்கும் சான்று காட்டுவார். ஐபிஎம் கணினிக்கு அதை மாற்றி எழுதுவதில் திமித்ரி பாவ்லோவ்ஸ்கியும், அப்போது பள்ளி மாணவராக இருந்த வாதிம் கெராசிமோவும் ஆற்றிய பங்கையும் விடாமல் சேர்ப்பார். தனியொரு மேதையின் கதை படிக்கச் சுவையானதுதான். ஆயினும் அந்தச் சுவைக்காக இருவரின் பெயர்களை நீக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

உரிமை பற்றிய பகுதிக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். மென்பொருள் ஏற்றுமதியைக் கவனித்த சோவியத் அரசின் எலோர்க் நிறுவனம், இடைத்தரகரான ராபர்ட் ஸ்டைனுடன் கணினிகளுக்கான உரிமை குறித்துச் செய்திருந்த ஒப்பந்தத்தை 1989இல் திருத்தியது. எலோர்க்கின் சார்பில் பேசிய நிக்கோலாய் பெலிகோவ், செயலி, திரை, வட்டு இயக்கி, விசைப்பலகை, இயங்குதளம் ஆகியவற்றைக் கொண்டதே கணினி என்ற வரையறையை அதில் சேர்க்கச் செய்தார். அந்த ஒரு வரியால், தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் கருவிகளுக்கான உரிமை ஸ்டைனிடமோ, அவர் வழியாக உரிமை பெற்றவர்களிடமோ இல்லை என்றாயிற்று. அவ்வுரிமை ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவுக்குச் சென்றது. தன்னிடம் உரிமை இருப்பதாக எண்ணி டெட்ரிஸை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்த டெங்கன் என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம், அமெரிக்க நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் மாதம் விதித்த இடைக்காலத் தடையால் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. பஜித்னோவோ, வீடியோ கேம் வெளியீட்டாளரான ஹெங்க் ராஜர்ஸுடன் சேர்ந்து 1996இல் நிறுவனம் தொடங்கும் வரை உரிமைத்தொகை என எதையும் பெறவில்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு, 'உரிமை குறித்துச் சில சட்டச் சிக்கல்கள் எழுந்தன' என்று ஒரே வரியில் முடித்த கட்டுரைகளை நான் கண்டதுண்டு. ஒரு கட்டுரையைச் செம்மைப்படுத்துவது என்றால், அத்தகைய ஒற்றை வரியை எடுத்துவிட்டு நடந்ததை நடந்தவாறு எழுதுவதே ஆகும்.

விற்பனை எண்ணிக்கையிலும் இதே கவனம் தேவை. நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்கான டெட்ரிஸ் சுமார் 3.5 கோடி பிரதிகள் விற்றது என்பது ஒரு பதிப்பின் கணக்கு. கைப்பேசிப் பதிவிறக்கங்களையெல்லாம் சேர்த்துச் சொல்லப்படும் பெரிய எண்ணிக்கை வேறு கணக்கு. இரண்டையும் ஒரே வரியில் ஒட்டவைத்தால் படிப்பவர் ஏமாறுவார்.

நாளிதழ்களின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன், தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் தன் என்இஎஸ் கருவிக்காக நின்டெண்டோ 1989இல் வெளியிட்ட டெட்ரிஸ் பதிப்பில் 157ஆம் நிலையை எட்டியபோது ஆட்டம் செயலிழந்து உறைந்து நின்றது. 29ஆம் நிலையின் வேகமே மனிதக் கைகளுக்கு எட்டாதது என்று நெடுங்காலம் கருதப்பட்டுவந்ததால், அது பெரிய சாதனைதான். ஆனால் உலகெங்கும் பல நாளிதழ்கள் அதை 'டெட்ரிஸை வென்ற முதல் மனிதர்' என்று தலைப்பிட்டன. எந்தப் பதிப்பு, என்ன நடந்தது, முடிவே இல்லாதபடி வடிவமைக்கப்பட்ட ஆட்டத்தை வெல்வது என்றால் என்ன பொருள் என்பன பல செய்திகளில் தெளிவாக இல்லை. 2002இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறுவிய முடிவுக்கும் இதே கதி நேர்ந்தது. வரப்போகும் துண்டுகளின் வரிசை முழுவதும் முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், நீக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கையை உச்சமாக்குவது கணினிக்கும் மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்பதே அவர்கள் காட்டியது. அது சுருங்கிச் சுருங்கி, 'கணினியாலும் டெட்ரிஸ் ஆட முடியாது' என்ற அளவுக்குத் திரிந்துவிட்டது. இத்தகைய வாக்கியம் ஒரு நாளிதழில் அச்சாகிவிட்டால், தொகுப்பாளர் அதைச் சான்றாகக் காட்டிக் கட்டுரையில் சேர்க்க முடியும். கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் யாரேனும் மறுத்தாலும், 'நாளிதழிலேயே வந்திருக்கிறதே' என்ற பதில் தயாராக இருக்கும்.

இதைவிட ஆபத்தான சுழற்சி ஒன்றும் உண்டு. விக்கிப்பீடியாவில் சான்றின்றி ஒருவர் எழுதியதை ஒரு செய்தியாளர் பெயர் சொல்லாமல் எடுத்தாள்கிறார்; சில மாதங்கள் கழித்து அச்செய்தியே அதே வரிக்குச் சான்றாகக் கட்டுரையில் இணைக்கப்படுகிறது. கோட்டி என்ற தென் அமெரிக்க விலங்குக்கு 2008இல் ஒரு மாணவர் விளையாட்டாகச் சேர்த்த கற்பனைப் பெயர், இவ்வாறே பிரிட்டிஷ் நாளிதழ்கள் வரை சென்று சான்று பெற்றுத் திரும்பியது. எழுதுவோர் குறைவாக உள்ள தமிழில் இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க ஆளும் குறைவு.

மறுபுறம், தமிழ் நாளிதழ்களில் வந்த நல்ல செய்திகளைக்கூடச் சான்றாகக் காட்ட முடியாமல் போவது எங்களுக்குப் பெரும் வருத்தம். தொகுப்பாளர்கள் இணைத்துவைத்த சுட்டிகள் இணையதளம் புதுப்பிக்கப்பட்டதும் செயலற்றுப்போகின்றன. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பழைய செய்திகள் தேடுபொறியில் அகப்படுவதில்லை. மின்னிதழ்கள் படங்களாகவே இருப்பதால் அவற்றிலும் தேட முடிவதில்லை. இதனால் தமிழ்க் கட்டுரைகளுக்கும் ஆங்கிலச் சான்றுகளே துணை என்றாகி, தமிழ் மட்டும் அறிந்த வாசகர் அவற்றைத் திறந்து சரிபார்க்கும் வாய்ப்பை இழக்கிறார்.

ஆகவே, மாணவர்களை ஊக்குவிக்கும் தங்கள் நாளிதழ் தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்யலாம். வீடியோ கேம் குறித்த செய்தியில் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பதையும், தகவல் யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும் குறிப்பிடலாம். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்ததென்றால் அதையும் மறைக்காமல் சொல்லலாம்; நாங்கள் அதைச் சான்றாகக் கொள்ளாமல் விட்டுவிடுவோம். இணையத்தில் ஏற்றிய செய்திகளின் முகவரிகளைத் தளம் மாறும்போதும் அப்படியே காக்கலாம்; பின்னர் திருத்தம் செய்தால், திருத்திய தேதியையும் செய்தியின் அடியில் இடலாம். முதற்கட்டமாக, அந்த ஞாயிறு இணைப்புக் கட்டுரையையே எழுதியவர் பெயருடனும் தேதியுடனும் நிலையான முகவரியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ் விக்கிப்பீடியா பங்களிப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி