அனுபவம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய்

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். உன் மகளின் தன்விவரக் குறிப்பை நிதானமாகப் படித்துவிட்டு எழுதலாம் என்றிருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது.

வேலைக்குப் போனால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் பிள்ளைகள் எங்கேதான் போவார்கள் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. தொடக்கநிலைப் பணி என்று தலைப்பிட்டுவிட்டுக் கீழே இரண்டு ஆண்டு அனுபவம் தேவை என்று எழுதும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அந்த வரியைக் கண்டதுமே அவள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறாள் என்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆளெடுப்பில் உடனிருந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உரிமம், பதிவு போன்று சட்டம் கட்டாயமாக்கியவற்றைத் தவிர, அந்தப் பட்டியலில் பெரும்பகுதி கேட்பவர்களின் ஆசைதான். முக்கியமானவை பொருந்தினால் அவள் துணிந்து அனுப்பட்டும்.

இனி அந்தக் குறிப்பு. முதல் பத்தி முழுவதும் 'சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்' என்ற வகையில் போகிறது. எல்லாப் பிள்ளைகளும் எழுதுவது இதுதான், அதைப் படித்து எவரும் எவரையும் அழைப்பதில்லை. கடைசி வரியிலோ, 'இறுதியாண்டுத் திட்டப்பணி: நூலகப் பதிவேடு' என்று நான்கே சொற்கள்! தொலைபேசியில் கேட்டபோதுதான், ஒரே நூல் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பலமுறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து, அவற்றை ஒன்றாக்க ஒரு முறையையும் வகுத்து, நூலகரையும் அதற்கு இணங்கவைத்தாள் என்பது தெரியவந்தது. இது அனுபவம் இல்லையென்றால் வேறு எது அனுபவம்? அதை மேலே கொண்டுவந்து, என்ன சிக்கல், தான் என்ன செய்தாள், என்ன மாறியது என்று மூன்று வரியில் எழுதச் சொல். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் ஒரு மென்பொருளில் ஏற்றித் தேடுகிறார்கள். ஆகவே கட்டங்களும் படங்களும் வேண்டாம், விளம்பரத்தில் உள்ள சொற்களில் அவளுக்கு உண்மையாகவே பொருந்துபவை அப்படியே இடம்பெறட்டும்.

நீ இதுவரை சொந்தக்காரர்களிடம் மட்டுமே சொல்லிவைத்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 16.7 சதவீதம்தான், எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். யோசித்தால் காரணம் புரிகிறது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், சற்று விலகி இருப்பவர்தான் நாம் அறியாத வட்டத்தில் புழங்குகிறார். எனவே முன்னர் படித்து முடித்தவர்கள், பயிற்சிக்குப் போன இடத்தில் பழகியவர்கள், அந்த நூலகர் என்று அவளே ஒவ்வொருவருக்கும் எழுதட்டும். 'வேலை கொடுங்கள்' என்று வேண்டாம். 'உங்கள் பணி எப்படிப்பட்டது, புதியவர்களை எப்படி எடுக்கிறார்கள் என்று பதினைந்து நிமிடம் பேச முடியுமா' என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவை. வேலை தருகிறோம், முதலில் வைப்புத்தொகை கட்டுங்கள் என்று எவர் கேட்டாலும் அது மோசடிதான். நாள் கடக்கக் கடக்கத்தான் பிள்ளைகள் இதில் விழுகிறார்கள். என் பயம் அதனால்தான்.

திருத்திய குறிப்பை அவளே எனக்கு அனுப்பட்டும், நீ இடையில் வராதே. உனக்கு வேறு வேலை இருக்கிறது: நம் நெட்டையனுக்கு எழுது. அந்தச் சதுரங்கச் சண்டைக்காக இன்னும் எத்தனை காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாய்? அவன் இப்போது நூலகங்களுக்கு மென்பொருள் செய்யும் இடத்தில் இருக்கிறான். முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்