‘மீயன்’ வினைச்சொல் அன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆசையைக் குறிக்கும் பிறமொழிச் சொற்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஐரிஷ் மொழியின் ‘மீயன்’ என்னும் சொல் ‘விரும்புகிறேன்’ எனப் பொருள்படும் வினை என்றும், ஆங்கிலத்தில் ‘பொருள்படு, கருது’ எனப் பொருள்தரும் ‘மீன்’ (mean) என்ற வினையிலிருந்து கடன் வாங்கப்பட்டது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் பிழை.

மீயன் ஒரு பெண்பால் பெயர்ச்சொல். நீல் ஓ டோனல் பதிப்பித்து 1977இல் வெளிவந்த ஐரிஷ் அகராதி அப்படித்தான் குறிக்கிறது. ‘விரும்புகிறேன்’ என்பதற்கு அங்கே ‘இஸ் மீயன் லியம்’ என்பார்கள். ‘இஸ்’ என்பது ‘ஆகும்’ போன்றதொரு இணைப்புச் சொல்; ‘லியம்’ என்பது ‘உடன்’ என்னும் பொருளுள்ள இடைச்சொல்லும் தன்மை ஒருமையும் ஒட்டிப்போன வடிவம். முன்னிலைக்கு ‘லியத்’ என்று மாறும். இறந்தகாலத்துக்கும், ‘விரும்புவேன்’ என்று பணிவாகக் கேட்பதற்கும் ‘பா வீயன் லியம்’ என்பார்கள். ‘பா’வுக்குப் பின் மகரம் வகரமாக மெலிவது அம்மொழியின் வழக்கம். காலத்தை முன்னுள்ள சொல்லும், இடத்தைப் பின்னுள்ள சொல்லும் ஏற்க, நடுவிலிருக்கும் மீயன் எந்த வினை விகுதியும் ஏற்பதில்லை என்பதைக் கவனித்திருந்தால் கட்டுரையாளர் அதை வினை என்றிருக்க மாட்டார்.

பிறப்பைப் பொறுத்தவரை, ஆங்கிலச் சொல்லும் ‘கருது’ எனப் பொருள்படும் ஜெர்மன் ‘மைனென்’ என்பதும் மீயனுக்குத் தாயல்ல, உடன்பிறப்புகள்; ‘எண்ணம், நோக்கம்’ என்ற பொருளுள்ள ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து தனித்தனியே வந்தவை. மூலத்தில் இருந்த ‘எய்’ ஐரிஷ், வெல்ஷ் முதலியவை அடங்கிய கெல்திக் மொழிகளின் பொது முன்னோடியில் ‘ஏ’ ஆகி, பின்னர் ஐரிஷில் நாவின் பின்பகுதியை உயர்த்தி ஒலிக்கும் ‘அகன்ற’ மெய்யொலிக்கு முன் ‘ஈய’ என்று உடைந்தது. கடவுளைக் குறிக்கும் ஐரிஷ் ‘டீயா’வும் வடமொழித் ‘தேவ’வும் உறவினர் என்பதும் இதே வழியில் விளங்கும். பழைய ஏகாரம் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை: மீயனின் ஆறாம் வேற்றுமை ‘மேனெ’. சூரியனைக் குறிக்கும் ‘க்ரீயன்’ ‘க்ரேனெ’ ஆவதும் அப்படியே. கடன் சொல்லாயிருந்தால் இந்தப் பழைய ஒலிமாற்றத்தின் தழும்பு அதில் இவ்வளவு ஒழுங்காகப் பதிந்திருக்குமா?

கட்டுரையின் முடிவிலுள்ள கருத்து பற்றியும் ஒரு சொல். ‘தா ஃபன் ஒரம்’, அதாவது ‘என்மேல் ஆசை இருக்கிறது’ என்ற மற்றொரு தொடரை எடுத்துக்காட்டி, ஐரிஷ் மக்கள் ஆசையைத் தம்முடையதாகவே கருதுவதில்லை என்று கட்டுரையாளர் நெகிழ்கிறார். அப்படியானால் ‘எனக்குப் பசிக்கிறது’ என்னும் நாமும் பசியை யாரோ நமக்குக் கொடுத்ததாகவா நினைக்கிறோம்? வேற்றுமை உருபிலிருந்து ஓர் இனத்தின் மனத்தைப் படித்துவிட முடியாது. அந்த ‘ஃபன்’ என்ற சொல்லுக்கு இசையின் மெட்டு என்ற பொருளும் உண்டு. கட்டுரையாளர் அதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழியாசிரியர்,
பாளையங்கோட்டை