சுண்டிக்குளத்துக்குச் சைக்கிள் பாதை வேண்டும்

ஆசிரியருக்கு,

இலங்கையின் வட மாகாணத்திலுள்ள சுண்டிக்குளம் தேசியப் பூங்காவில் சுற்றுலா வசதிகளைப் பெருக்குவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். வசதிகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் அகலமான வீதி, வாகனத் தரிப்பிடம் என்று தொடங்கினால் பார்க்க வந்த பறவைகளையே விரட்டிவிடுவோம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் அது. மாரி காலத்தில் வெகுதூரம் பறந்து வரும் பறவைகள் இரை தேடி உடம்பைத் தேற்றிக்கொள்வது அங்குள்ள கடல்நீரேரியில்தான். அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் அமிழ்த்தி, காலால் சேற்றைக் கிளறியபடி அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. பின்னால் வந்த வான் ஒன்று ஹோன் அடித்ததுதான் தாமதம், கூட்டம் முழுவதும் எழும்பிவிட்டது.

மேடு பள்ளமில்லாத எங்கள் நிலம் ஆறுதலாகச் சைக்கிள் ஓடுவதற்கென்றே அமைந்தது. வாடைக்காற்று எதிரே அடித்தால் கொஞ்சம் சிரமம்தான், அப்போது இறங்கி உருட்டலாம். எனவே வனஜீவராசிகள் திணைக்களம் வாகனங்களைப் பூங்காவின் வெளி எல்லையிலேயே நிறுத்தச் செய்து, நீர்விளிம்பிலிருந்து தள்ளி அடையாளமிட்ட கிரவல் பாதை ஒன்றைச் சைக்கிளுக்கென ஒதுக்க வேண்டும். அங்கு சைக்கிள்களை வாடகைக்கு விடும் பொறுப்பை அயற்கிராமங்களின் மீனவர் குடும்பங்களுக்கே கொடுக்கலாம்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்