காலங்கடந்துவிட்டது என்று சொல்லாதவர்களுக்கு

பெருமதிப்பிற்குரியீர்,

புகைப்பதை நான் விட்டு இந்த ஆடி மாதத்துடன் மூன்று ஆண்டுகள் நிறைவடைகின்றன. விட்டபோது எனக்கு வயது 66. பத்தொன்பதாம் வயதில் தொற்றிய பீடிப் பழக்கம் 47 ஆண்டுகள் என்னை விடவில்லை; தனியாக முயன்ற ஐந்து தடவையும் தோற்றேன். ஆறாவது தடவை நான் தோற்காமல் பார்த்துக்கொண்டவர்கள் சிலர் உண்டு. நேரில் சொல்லக் கூச்சப்பட்ட நன்றியை அவர்களுக்கு எழுத்தில் சொல்லவே இம்மடல்.

முதல் நன்றி நெஞ்சக நோய் மருத்துவர் அம்மாவுக்கு. உங்களிடம் வருவதற்கு முன் வேறோரிடத்தில் என் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவர், "இந்த வயதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சொல் என் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வாசலுக்கு வந்ததும் ஒரு பீடியைப் பற்றவைத்தேன். நீங்களோ, மூச்சின் அளவை அறிய நான் குழாயில் ஊதியபோது பதிவான தாளை மேசைமீது விரித்து, இழந்த மூச்சு திரும்ப வராது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். பிறகு அந்தத் தாளின் ஓரத்தில் இரண்டு கோடுகள் வரைந்தீர்கள். வயது ஏற ஏற மூச்சின் அளவு எல்லோருக்கும் சிறிது சிறிதாகக் குறைகிறது என்றும், புகைப்பவர்களில் பலருக்கு அது செங்குத்தாகச் சரிகிறது என்றும், எந்த வயதில் விட்டாலும் அந்த இடத்திலிருந்து சரிவின் வேகம் தணியும் என்றும் விளக்கினீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் புலப்படம் வரைந்த நில அளவையருக்கு அறிவுரையைவிடக் கோடு எளிதில் விளங்கும்.

பிரிட்டனில் 1951இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் 34,439 ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ முதலியோரின் ஆய்வைப் பற்றியும் நீங்கள்தான் சொன்னீர்கள். கடைசிவரை புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், முப்பது வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகளும், நாற்பதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகளும், ஐம்பதில் 6 ஆண்டுகளும், அறுபதில் 3 ஆண்டுகளும் ஆயுள் கூடுதலாகக் கிடைத்ததாம். "எனக்கு அந்த மூன்றும் முழுதாகத் தேறாதே" என்று நான் பேரம் பேசியபோது, நீங்கள் ஆயுள் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு இதயத்தைப் பற்றிப் பேசினீர்கள். இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும், புகையால் கூடிய மாரடைப்பு அபாயம் ஓராண்டிலேயே ஏறத்தாழப் பாதியாகும் என்றீர்கள். ஓராண்டு என்பது எனக்கு எட்டும் தொலைவாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. புகை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை மூச்சுக்குழாயை விரிக்க நான் சாப்பிடும் தியோஃபிலின் மருந்தைக் கல்லீரல் விரைவாகச் செலவழித்துவிடும், புகை நின்றால் அதே மாத்திரை இரத்தத்தில் அளவுக்கு மீறித் தங்கும் என்று சொல்லி மருந்தின் அளவைக் குறைத்தீர்கள். காப்பிக்கும் அதே கதைதான் என்று அதையும் பாதியாக்கச் சொன்னீர்கள். சொல்லாமல் விட்டிருந்தால், வரும் படபடப்பையெல்லாம் பீடியை விட்டதன் தலையில் போட்டு மறுபடியும் தொடங்கியிருப்பேன்.

அங்கிருந்த செவிலியருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நிக்கோட்டின் சுயிங்கத்தை நான் வெற்றிலைபோல் மென்று, சாற்றை விழுங்கி, விக்கலோடு வந்து நின்றேன். சுறுசுறுவென்று உறைக்கும்வரை மெல்ல மென்றுவிட்டுக் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும், உறைப்பு அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும் என்று சிரிக்காமல் கற்றுக்கொடுத்தார். புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசிய ஆலோசகரின் முகம் எனக்குத் தெரியாது. இரண்டாம் வாரத்தில் இருமல் குறையாமல் கூடியபோது, மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிச் சளியை மேலே தள்ளும்போது சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று சொல்லித் தைரியம் தந்தவர் அவர். மலச்சிக்கல்கூட இந்தப் பழக்கத்தை விடும்போது வருவதுதான் என்பதை வேறு யாரிடம் கேட்டிருப்பேன்?

டீக்கடைத் தம்பிக்கு என்ன சொல்வது! நான் விட்டதாகச் சொன்ன மறுநாளே, "அண்ணாச்சிக்கு இனிமே டீ மட்டும்தான்" என்று கடைப் பையன்களிடம் சொல்லிவிட்டார். வாசலில் பீடி பற்றவைக்கக் கனன்றுகொண்டிருந்த கயிற்றையும், வாடை என் மூக்கில் ஏறாதபடி, கடைக்கு வெளியே தள்ளிக் கட்டினார். (2008ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் கயிறு கடையில் இருந்திருக்கவே கூடாது என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.) பீடி விற்ற வருமானம் அவருக்கு என்னிடமிருந்து மட்டும் நாளொன்றுக்கு ஒரு கட்டு குறைந்தது.

பீடியைப் பற்றி எழுதும்போது என் தாயார் நினைவுக்கு வருகிறார். மடியில் சுளகை வைத்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டிய கூலியில்தான் நான் படித்தேன். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றின் கதை இதுவே. எனவே பீடித் தொழிலாளர் எவரையும் குறைசொல்லி இதை எழுதவில்லை. ஆனால் இலையில் சுற்றியது சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்று நாற்பது ஆண்டுகள் நம்பினேன். அணையாமல் வைத்திருக்க அடிக்கடி இழுக்க வேண்டிய பீடியில் நஞ்சு எவ்வகையிலும் குறைவில்லை என்பதை அறுபத்தாறாம் வயதில்தான் அறிந்தேன்.

முதல் மாதம் நான் எரிந்து விழுந்ததையெல்லாம் என் மனைவி பொறுத்துக்கொண்டார். அதைவிட என்னைத் தலைகுனிய வைத்தது, சில மாதங்களில் அவருடைய இரவு இருமலும் நின்றுபோனது. அவர் ஒரு பீடியையும் தொட்டவரல்லர்.

கடைசியாக, என்னோடு இருபது ஆண்டுகள் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்த செயின்மேன் நண்பருக்கு. பணியில் இருந்தபோது வரப்பு வரப்பாக என்னோடு அலைந்தவர், இப்போது மாலைதோறும் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சிப் பாலம்வரை கூட வருகிறார். முன்பு பாலத்தில் ஏறுவதற்குள் இரண்டு இடங்களில் நிற்பேன். நான் வெட்கப்படக் கூடாதென்று, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதுபோல் அவரும் நிற்பார். மருத்துவமனையில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி அளந்தபோது, விட்ட ஆண்டில் 290 மீட்டர் நடந்தேன். சென்ற முறை 365 மீட்டர். ஊதும் தாளில் எண் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது, அம்மா சொன்னபடி. இருபது மீட்டர்ச் சங்கிலிக்குப் பதினான்கரைச் சங்கிலியாக இருந்தது பதினெட்டைத் தாண்டிவிட்டது என்று நண்பரிடம் சொன்னேன். "அளந்தது யாரு, சங்கிலி தொய்யாமப் பிடிச்சாங்களா?" என்று கேட்டார். ஐப்பசியில் அடுத்த பரிசோதனை. அவரையும் உடன் அழைத்துச் செல்ல இருக்கிறேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
அம்பாசமுத்திரம்.