அப்பாவின் கணக்கு நோட்டு

தங்கச்சிமடம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நலம். அப்பாவின் முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக முடிந்தது. வாடைக்காற்று பிடித்துவிட்டதால் படகைக் கரையேற்றி வைத்திருக்கிறோம்.

நீ அன்று போனில் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. “அக்காவுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே, சொத்தில் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள்” என்றாய். அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

அப்பா உயில் எழுதவில்லை. வக்கீலிடம் போய்க் கேட்டேன். உயில் இல்லாமல் இறந்தால் நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தானாம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சரிசமம். ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. அப்படியானால் நாம் மூவரும் ஆளுக்கு ஒரு பங்கு. வங்கி டெபாசிட்டுக்கு நான் நாமினி என்பதால் அது எனக்கே உரியது என்று நினைத்திருந்தேன். அதுவும் அப்படி இல்லை. பணத்தை வங்கி என் கையில் கொடுக்கும். வாரிசுகளுக்கு அதைச் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு.

ஆனால் பங்கு என்ற பேச்சே பிறகுதான். அடக்கச் செலவும் அப்பா வைத்துப்போன கடனும் முதலில் தீர வேண்டும். உன் சம்பளத்துக்கு ஆபத்தில்லை, பயப்படாதே. அப்பா விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் கடன் வாரிசுகளைப் பிடிக்கும்.

அப்பாவின் கணக்கு நோட்டு உனக்கு நினைவிருக்கும். மழைத்தண்ணீர் படாமல் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பாரே, அதுதான். பிரித்தால் இன்னும் டீசல் வாடை அடிக்கிறது. ஐஸ், டீசல், வலைநூல் என்று வரிவரியாக எழுதி, கொடுத்து முடித்ததைச் சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறார். அடிக்காத வரிகளைக் கூட்டிப் பார்த்தேன். மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் 40,000. ஐஸ் பாக்கி 6,400. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, படகில் கூட வந்த தம்பி ஒருவர் என் கையில் 3,000 ரூபாயைத் திணித்தார். போன மழைக்காலத்தில் அப்பா கொடுத்ததாம். நோட்டில் அது இல்லவே இல்லை. யாருக்கும் தெரியாத கடனைத் தேடி வந்து கொடுத்த அந்த மனிதருக்கு முன்னால், எழுதிவைத்த கடனை நாம் தள்ளிப்போட முடியுமா?

இன்னொரு வரி இருக்கிறது. நீ ப்ளஸ் டூ படித்த வருடத்துப் பக்கம். “என்ஜினுக்கு, மகள் வளையல், நாலு பவுன்” என்று எழுதியிருக்கிறார். அடிக்கவில்லை. அடகு வைத்த வளையல் மீட்க முடியாமல் மூழ்கிப்போனது எனக்கும் தெரியும், உனக்குத்தான் சொல்லவில்லை. அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த என்ஜின் ஓடித்தான் உன் கல்லூரிக் கட்டணம் கட்டினோம். நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோம் என்கிறாயே, போட்ட கையிலிருந்தே கழற்றி வாங்கிவிட்டோமடா. அவள் வாரிசு மட்டுமில்லை, நாம் கடன்பட்டவள். நாலு பவுனை முதலில் எடுத்துவைத்துவிட்டு, அதன் பிறகுதான் மூன்றாகப் பிரிக்க வேண்டும். அவளிடம் விடுதலை கேட்க நான் போகமாட்டேன். நீயும் கேட்காதே.

ஆக வேண்டியதைச் சொல்கிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிந்து சான்றிதழ் வாங்கிவிட்டோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரணையும் முடிந்தது. தாசில்தார் கையெழுத்துதான் பாக்கி. அது வந்ததும் மீன்வளத் துறையில் படகின் பதிவை மாற்றி, படகை விற்றுக் கடனை அடைக்கலாம். விற்க மனம் வரவில்லைதான். ஆனால் ஓட்ட ஆளில்லாத படகு வெயிலில் கிடந்து வீணாவதைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டைப் பாகப்பிரிவினை செய்ய, உனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட உன் பவர் பத்திரம் வேண்டும். குவைத்தில் நம் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டுமாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பவரை அக்கா பெயருக்கே எழுது. எனக்கு முழங்கால் வலி, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அலைய முடியாது.

ஐஸ் பாக்கியை இன்று காலை கொடுத்துவிட்டு, அப்பாவின் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன். வளையல் வரியை நான் தொடவில்லை. பணம் கையில் வாங்கும் அன்று அக்காவே அடிக்கட்டும்.

அன்புடன்,
அம்மா